1,128 பேர், பேருந்துக்கு 36 பேர்: "31" என்று எழுதிய பையனுக்கு மார்க் போடலாமா?

சாக்பீஸ் | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில், தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கேட்டார்கள். ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம். 1,128 வீரர்கள் போக எத்தனை பேருந்து வேண்டும்? 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியது 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்கள். மீதி 12 பேர் எங்கே போவார்கள் என்று யோசிக்கவில்லை.

நான் வீரர்களை மாணவர்களாக்கி, பயணத்தைத் தஞ்சாவூர் சுற்றுலா ஆக்கி என் வகுப்பில் போட்டேன். பாதிக்கு மேல் "31, மீதி 12". ஒரு பெண் 31.33 பேருந்துகள் என்று எழுதி, அடிக்கோலை வைத்து இரண்டு கோடு போட்டு, விடை என்று பெட்டியும் கட்டியிருந்தாள். வகுத்தலில் ஒரு பிழை இல்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒன்பது வருடமாக அவளுக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

நான் எழுத வந்தது ஒரு பையனைப் பற்றி. அவன் வெறும் 31 என்று எழுதியிருந்தான். மீதியைக்கூடக் காட்டவில்லை. தப்பு போட்டுவிட்டு, "மீதி 12 பேர் என்னடா ஆவாங்க?" என்று கேட்டேன். "நின்னுக்கிட்டு வருவாங்க டீச்சர். எங்க ஊர் பஸ்ல நாங்க தினமும் அப்படித்தானே வர்றோம். 12 பேருக்காக யாராச்சும் தனி பஸ் விடுவாங்களா?" என்றான்.

வகுப்பிலேயே அதிகமாக யோசித்தவன் அவன்தான். அவன் தாளில் நான் சிவப்பில் தப்பு போட்டிருக்கிறேன். மீதியைக் கவனிக்காமல் விட்டு 31 எழுதிய இன்னும் நாலு பேர் தாளிலும் அதே தப்பு. தாளை மட்டும் பார்த்தால் யார் யோசித்தது, யார் யோசிக்கவில்லை என்று தெரியவே தெரியாது.

இவனுக்கு மார்க் போடலாமா? சிந்திக்கும் திறன், சிக்கல் தீர்க்கும் திறன் என்று பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் சொல்கிறார்கள். தாளில் அதை எங்கே தேடுவது?

*

மல்லிகைப்பந்தல் | சனி, இரவு 9.32

முழு மார்க் போடுங்கள் டீச்சர். யோசிக்கவே வேண்டாம்.

*

நெல்வயல் | சனி, இரவு 10.05

என் மகனும் ஒன்பதாவதுதான். டீச்சர் சொன்னதைப் படித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

அவன் சைக்கிளில் பின் டயர் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. டியூபைக் கழற்றி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குமிழி வரவில்லை. நானாக இருந்தால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அவன் கொஞ்ச நேரம் டியூபையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டயரில் திரும்ப மாட்டி, காற்றடித்து, வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தான். மெதுவாக ஒரு குமிழி. உள்ளே இருந்த வால்வு டியூப் இற்றுப் போயிருக்கிறது. இரண்டு ரூபாய் சமாச்சாரம். "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றால் "ரப்பர்ல இல்லன்னா வாயிலதானேப்பா இருக்கணும்" என்கிறான்.

இதே பிள்ளை அறிவியலில் 41. காரணம் கூறுக என்று வரும் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வருகிறான். கேட்டால், "அந்தக் காரணம் நோட்டுல எழுதிப் போடலப்பா" என்கிறான். எச்சில் குமிழியில் காரணம் கண்டுபிடிக்கிறவனுக்குத் தாளில் ஏன் வராமல் போகிறது? திட்டுவதற்காகக் கேட்கவில்லை, டீச்சர். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

*

பழைய_மணி | ஞாயிறு, காலை 6.20

நெல்வயல் அவர்களே, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வே இருக்கிறது. பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீர், பழம் விற்ற ஐந்து சிறுவர்களிடம், வாங்குகிறவர்கள் மாதிரியே போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைப் பின்னால் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாக வந்தது. 1985-ல் வெளியான கட்டுரை. தெருவில் ஒரு காசு குறைந்தாலும் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்பதால், வந்த விடை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள். தாளில் அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

நான் 34 வருடம் பள்ளியில் இருந்தவன், கடைசி 9 வருடம் தலைமையாசிரியராக. என் பங்கும் இதில் உண்டு என்பதால் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வரும். நாங்கள் என்ன செய்வோம்? 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நாலு பாடத்தை மட்டும் கொடுப்போம். கணக்கில் வரைபடமும் செய்முறை வடிவியலும் சேர்ந்து 16 மார்க். அதைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்வோம். இரண்டு மார்க்கில் 28-வது கேள்வியும் ஐந்து மார்க்கில் 42-வது கேள்வியும் கட்டாய வினா. புத்தகத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம். அந்த இரண்டையும் 'தொடாதே, நேரம் போகும்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளை யோசிக்க வேண்டிய இடம் எதுவோ, அதைத்தான் தொடாதே என்றோம். அவன் பாஸாகிவிடுவான், அது உண்மை. வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது பாஸான பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வேலையை முழுக்கத் தப்பு என்று என்னால் தள்ள முடியவில்லை.

டீச்சருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். 2007-ஐ ஒட்டி நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. பிள்ளைகள் பாடத்தைத் தாங்களே படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் பேச வேண்டும். முதல் வருடம் அருமையாக இருந்தது. மூன்றாவது வருடம் ஆய்வுக்கு வந்தவர்கள் நோட்டில் மனவரைபடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். உடனே மனவரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து போட்டு எழுதச் சொல்ல ஆரம்பித்தோம். அப்புறம் முப்பருவ முறையில் செயல்திட்டத்துக்கு மார்க் வந்தது. கடையில் ரெடிமேடாக சார்ட் விற்றார்கள். நல்ல முறை எதுவானாலும், சரிபார்க்கிறவர் நோட்டை மட்டும் பார்த்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும். நீங்கள் எதைத் தொடங்கினாலும் அது எந்த இடத்தில் மனப்பாடமாகும் என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

*

கறுப்புக்குதிரை | ஞாயிறு, காலை 10.48

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மனப்பாடத்தை எல்லோரும் வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். ஒரே பார்வையில் மாஸ்டர் பதினாறு காய் போல அடுக்கிவிட்டார், புதிதாக ஆடுகிறவர் நாலைந்து காய்தான். அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. மாஸ்டருக்கு நினைவுத்திறன் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான நிலைகள் மனதில் பதிந்து கிடக்கின்றன. அவை இருப்பதால்தான் அவரால் யோசிக்க முடிகிறது.

என்னிடம் வரும் பிள்ளைகளில் வாய்ப்பாடு தெரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 36-ஐ 31-ஆல் பெருக்கவே ஐந்து நிமிடம் திணறுகிற பிள்ளைக்கு, 'மீதி 12 பேர் என்ன ஆனார்கள்' என்று நினைக்க மூளையில் இடம் ஏது? சிந்தனைத் திறன் என்று தனியாக ஒரு பீரியட் வைத்துப் புதிர் போடுவதை விட, வாய்ப்பாட்டையும் பாடத்தையும் உறுதியாக்குங்கள்.

சைக்கிள் தம்பியையும் பாருங்கள். அவனுக்குச் சைக்கிள் நன்றாகத் தெரியும். எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பான்! அவனிடம் 'சிக்கல் தீர்க்கும் திறன்' என்று பொதுவாக ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவனிடம் இருப்பது சைக்கிள் அறிவு.

*

சாக்பீஸ் | ஞாயிறு, மதியம் 1.15

ஐயா சொன்ன எச்சரிக்கையைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நன்றி.

கறுப்புக்குதிரை அண்ணா, பாதி ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பாடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்த 31.33 எழுதிய பெண்ணுக்கு வாய்ப்பாடு அத்துப்படி. பேருந்து என்றால் என்ன என்பதும் தெரியும், தினமும் அதில்தான் வருகிறாள். அவளுக்கு எந்த அறிவும் குறையவில்லை. 'கணக்குப் பீரியடில் பேருந்தை நினைக்கக் கூடாது' என்று எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறாள். என் கவலை அதுதான்.

1980-ஐ ஒட்டி பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்ட ஒரு கணக்கு உண்டு. ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே விடை சொல்லிவிட்டார்கள், இரண்டையும் கூட்டி 36 என்பது போல. ஆட்டை எண்ணினால் வயது வராது என்பது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் டீச்சர் கேட்டால் விடை இருக்கும், கொடுத்த எண் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும், எழுதாமல் விட்டால் பூஜ்யம். இந்த மூன்றையும் யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் நடத்துகிற விதத்திலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொண்டது. நெல்வயல் அண்ணா, உங்கள் மகன் 'நோட்டுல எழுதிப் போடல' என்று சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். காரணத்தைத் தானாகவே கண்டுபிடிக்கலாம் என்ற அனுமதியே அவனுக்குக் கிடைக்கவில்லை.

*

பலாத்தோப்பு | ஞாயிறு, மாலை 4.40

பண்ருட்டிப் பக்கம் அறிவியல் எடுக்கிறேன். கறுப்புக்குதிரை சொன்ன அறிவும் டீச்சர் சொன்ன அனுமதியும் சேர்ந்து வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் ஒரு பாட்டு உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லலாமாம். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் வருடா வருடம் 'முன்னோர் அறிவியல்' என்று சுற்றுகிறது. என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் அதைக் கொண்டுவந்து, "சார், இது உண்மையா?" என்றாள்.

தெரியாது என்றேன். எங்கள் ஊரில் பலாவுக்கா பஞ்சம்! மறுநாளே ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பழம் வந்தது. நாலு குழு, ஒரே பழம். எண்ணிவிட்டு வந்தால் நாலு குழுவுக்கும் நாலு எண்ணிக்கை. ஏன் என்று பார்த்தால், ஒரு குழு காம்பை ஒட்டிய வரிசையை மட்டும் எண்ணியிருக்கிறது, ஒரு குழு அடுத்த வரிசையையும் சேர்த்திருக்கிறது. 'சிறு முள்' என்றால் எவ்வளவு சிறுசு என்று மீதி இரண்டு குழுவும் அடித்துக்கொள்கின்றன. அறுத்தோம். எண்ணெய் தடவிய கையோடு சுளையை எண்ணினார்கள். கொட்டை வைக்காத சுருங்கிய சுளையைச் சேர்ப்பதா என்று அதிலும் சண்டை. கடைசியில் ஒரு குழுவின் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்தியது. இன்னொரு குழுவுக்குப் பாதிகூட வரவில்லை.

"அப்போ பாட்டு பொய்யா சார்?" என்றான் ஒருவன். கேள்வி கொண்டுவந்த பெண்தான் பதில் சொன்னாள்: "ஒரு பழத்த வச்சு எப்படிச் சொல்றது? எந்த முள்ளுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, பத்துப் பழம் பாக்கணும்." நான் அதைச் சொல்லித் தரவில்லை. எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் அளக்கக் கூடாது, ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அன்றைக்கு ஒலி பாடம் நடத்த வேண்டிய நாள், நடத்தவில்லை. அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை.

உங்கள் ஊரில் வழி தேடுகிறவர்களுக்கு ஒன்று. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து நடக்கிறது. 10 வயது முதல் 17 வயது வரை, பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராயலாம். இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைக் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

*

முதல்_பட்டதாரி | ஞாயிறு, இரவு 8.02

நான் இன்ஜினியரிங் முதல் வருடம். அரசுப் பள்ளியில்தான் படித்தேன். எட்டாவதில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதினேன். அதில் மனத்திறன் பகுதியில் 90 கேள்வி. பாஸானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம் ரூபாய். அதற்காக எங்கள் சார் சாயங்காலம் உட்கார வைத்து எண் வரிசை, படவரிசை எல்லாம் போட்டார். முதலில் நிஜமாகவே யோசித்தோம். நாள் ஆக ஆக, "வித்தியாசத்தப் பாரு, இல்லன்னா வர்க்கத்தப் பாரு" என்று ஒரு பட்டியலே மனப்பாடம் ஆகிவிட்டது. தேர்வில் அந்தப் பட்டியல் நன்றாக வேலை செய்தது, பணமும் வந்தது. அந்தப் பணத்தில்தான் பன்னிரண்டாவது வரை படித்தேன், குறை சொல்லவில்லை.

ஆனால் கல்லூரியில் முதல் புரோகிராமிங் லேபில் பிழைச் செய்தி வந்ததும் கை உதறிவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறான், இன்னொரு வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறான். நான் அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தேன், பார்த்து எழுத. 12 வருடப் பழக்கம் அது. தப்பாக ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஸ்கூலில் ரப்பர் வைத்து அழித்துவிட்டுத்தான் நோட்டைக் காட்டுவோம்.

டீச்சர், அடித்து எழுதினால் மார்க் குறைக்காதீர்கள். அது ஒன்றைச் செய்தாலே என் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

*

தமிழையா | திங்கள், காலை 7.10

கணக்கும் அறிவியலும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மொழிப்பாடத்தில் நிலைமை இதைவிட மோசம். கட்டுரை என்றால் முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை, நடுவில் ஒரு மேற்கோள். நாற்பது தாளில் நாற்பதும் ஒரே முன்னுரை. பிள்ளை எதை நம்புகிறது என்று கடைசிவரை தெரியாது.

இந்த வருடம் ஒன்றைச் செய்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஊரில் நடக்கிற ஒன்றை எடுப்போம். போன தடவை, பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டுமா என்பது. வேண்டும் என்கிறவர்கள் எழுந்து வேண்டாம் என்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் வேண்டும் என்பதற்கு. முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண், அவள் அம்மாவை 108-ல் ஏற்றிக்கொண்டு போனபோது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதைச் சொன்னாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு எழுதச் சொன்னேன். உள்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் நாற்பது தாளும் நாற்பது விதமாக இருந்தன.

*

நெல்வயல் | திங்கள், இரவு 9.25

எல்லாவற்றையும் மகனோடு உட்கார்ந்து படித்தேன். பலாப்பழக் கதையைத் திரும்பப் படிக்கச் சொன்னான். பேருந்துக் கணக்கைக் கொடுத்தேன். 32 என்று எழுதிவிட்டு, "கடைசி பஸ்ல 12 பேர்தான், மினி பஸ் போதும்" என்று கீழே எழுதியிருக்கிறான்.

*

சாக்பீஸ் | வெள்ளி, மாலை 6.50

ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வாரத் தேர்வில் ஒரு மாற்றம் செய்தேன். ஐந்து கணக்கில் ஏதாவது ஒன்றில் தேவையான விவரம் இருக்காது, அல்லது தேவையில்லாத எண் ஒன்று இருக்கும். எது என்று சொல்ல மாட்டேன். 'இதைப் போட முடியாது, காரணம் இது' என்று எழுதினால் முழு மார்க். மற்றக் கணக்குகளில் விடைக்குக் கீழே ஒரு வரி: இந்த விடை பொருந்துகிறதா, எப்படித் தெரியும்? தம்பி சொன்னபடி, அடித்து எழுதியதற்கு மார்க் குறைப்பது இல்லை.

பழைய மணி ஐயா எச்சரித்தது முதல் தேர்விலேயே நடந்தது. 11 பேர் எல்லாக் கணக்குக்கும் கீழே 'விடை பொருந்துகிறது, ஏனெனில் சரியாகச் செய்துள்ளேன்' என்று ஒரே வரியை எழுதியிருந்தார்கள். அதனால் அந்த வரியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நாலு பேரைக் கூப்பிட்டு வாயால் கேட்கிறேன். நாலு பேருக்குப் பத்து நிமிடம் ஆகிறது. எல்லோரையும் கேட்டு முடிக்க இரண்டு மாதமாகும். அரையாண்டுக்கு முன் பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற பயமும் இருக்கிறது. ஆனாலும் விடப் போவதில்லை.

அந்தப் பையனின் தாளை வாங்கி, என் தப்பை அடித்துவிட்டு, 31-க்குப் பக்கத்தில் 'நின்றுகொண்டு வரலாம் என்றால் சரி' என்று நான் எழுதுவதற்குப் பதில் அவனையே எழுதச் சொல்லி மார்க் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இன்றைக்கு 31.33 எழுதிய பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், டூர் போனா ஒவ்வொரு பஸ்லயும் ஒரு டீச்சர் வரணும்ல? அப்போ 36 சீட்டும் எங்களுக்கு இல்லையே. 35தானே?"

நான் அதை நினைக்கவே இல்லை. வகுப்பே நோட்டைத் திறந்தது. 35-ஆல் 32-ஐப் பெருக்கினால் 1,120. இன்னும் 8 பேர் மிச்சம். 33 பேருந்து. நின்றுகொண்டு வரலாம் என்ற பையன் விடவில்லை: "எட்டுப் பேருக்கு ஒரு பஸ்ஸா?" அவள் திரும்பி, "டீச்சர் நிக்கட்டும்னு சொல்றியா?" என்றாள். மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கரும்பலகையில் 31, 32, 33 என்று மூன்றையும் எழுதி, திங்கட்கிழமை வரை அழிக்க வேண்டாம் என்று லீடரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.